நாலு மணி மிஸ்டு கால்

மூன்றரை மணி மிஸ்டு கால் மூன்று முப்பத்தொன்றுக்கு வந்தது. ஒரு நிமிஷம் தாமதம். ஒரு நிமிஷத்தையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் எதற்குச் சிரித்திருப்பார்கள் என்பதுவரை நான் யோசித்து முடித்துவிட்டேன். போர்வைக்கு அடியில் தொடைமேல் வைத்திருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது, நவநீ என்று காட்டியது, அணைந்தது. ஒரு அடி என்றால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஆணை முதல்முறை பார்க்கப் போகும்போதெல்லாம் நவநீதன் எனக்கு அரை மணிக்கு ஒரு தரம் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் தன் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை. வாயைத் திறந்து பேச வேண்டாம், எதிரில் இருக்கிறவனுக்குத் தெரியாது, மேசைக்கு அடியில் கட்டைவிரல் போதும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் நான். அவன் யாரோ ஒருத்தனோடு காபி குடித்துக்கொண்டிருக்கும்போதும் அரை மணிக்கு ஒருமுறை என்னை நினைத்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருக்கிறேன். பரமு கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்துக்கொண்டே, சார், தலையை ஆட்டாதீங்க, காதுல பட்டா ஒரு வாரம் போகாது என்றார். நான் ஆட்டவில்லை. உள்ளேதான் ஏதோ ஆடியது.

நான் பத்து வருஷமாக முடி வெட்டிக்கொள்வது உறையூரில், என் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே. இன்றைக்குப் புத்தூர் நாலு ரோட்டில் இந்தப் பரமு சலூனுக்கு வந்ததற்குக் காரணம், தில்லைநகரில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் காபிக் கடை இங்கிருந்து ஐந்து நிமிஷம். ஆபத்து என்றால் ஓடுவதற்கு வசதி என்று நவநீயிடம் சொன்னேன். அவன், நீ இருக்கிற வரைக்கும் எனக்கென்ன அமல் என்றான். அமலதாஸ் என்ற என் பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான். சாயம் போட வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நவநீ இன்றைக்குப் பார்க்கப் போயிருக்கும் அந்த ஆதவன், அவன் உண்மையான பெயர் அதுதானா என்பது கடவுளுக்கே வெளிச்சம், ஆணுக்கு ஆண் துணை தேடும் செயலியில் தன்னைப் பற்றி எழுதியிருந்தது இரண்டே வரி. வயது முப்பத்தொன்று, முப்பத்தைந்துக்கு மேல் உள்ளவர்கள் தயவுசெய்து தொந்தரவு செய்யவேண்டாம். நவநீக்கு முப்பத்தாறு. முப்பத்துநாலு என்று போட்டிருந்தான், பாவி. எனக்கு நாற்பத்தொன்று. என்னை யாரும் கூப்பிடவில்லை, இருந்தும் அந்த வரி என்னைப் பார்த்துத்தான் சொன்னமாதிரி இருந்தது. வெட்கம் கெட்டுப்போய் வந்து உட்கார்ந்துவிட்டேன். வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசாமல் யாரையும் நேரில் பார்க்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். வியாழக்கிழமை பேசினார்கள். அந்த முகத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம், அனுப்பினான். பற்கள் வரிசையாக இருந்தன. பற்களில் நான் குறை தேடினேன், நெற்றியில் தேடினேன், கடைசியில் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் போன மாசத்தைக் காட்டிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

புறப்படும் முன் என்ன உடுத்தியிருக்கிறான் என்று ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். தேட வேண்டி வந்தால் அடையாளம் சொல்லணுமே. அதுவும் நான் போட்ட சட்டம்தான். அதனால் நடப்பது என்னவென்றால், அவன் மற்றவர்களுக்காகச் செய்துகொள்ளும் அலங்காரமெல்லாம் முதலில் எனக்கு வந்து சேர்கிறது. இன்றைக்கு நீலச் சட்டை. காப்பிப் பொடி நிறத்தில் ஒன்றை எடு, உனக்கு எடுக்கும் என்று கடையில் சொன்னேன். அது அவனுக்கு எடுக்காது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன். ஓவிய வாத்தியாருக்கு நிறம் தெரியாதா, நீலத்தை எடுத்துக்கொண்டான். எனக்காக அவன் ஒருநாளும் இப்படித் தலை வாரியதில்லை. நாங்கள் முதன்முதல் பார்த்தது முக்கொம்பில், ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கைவிரலில் சுவர்ணம் மாதிரி மஞ்சள் பெயின்ட், சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. எனக்கு அப்போது எந்தச் சட்டமும் தெரியாது. யார், எவர், பெயர் நிஜமா, தனியாக வந்திருக்கிறானா ஒன்றும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. இரண்டு முட்டாள்களும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம் பேசினோம். அது நாலு மாசம் ஓடியது. பிறகு ஒருநாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாம நல்ல சிநேகிதர்களாக இருக்கலாம் அமல் என்றான். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் எனக்கு அதன் அர்த்தம் இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ஆறு வருஷமாகச் சரியில்லாமல் இருக்கிறேன். பரமு பிடரியில் குளிர்ச்சியாகப் பூசினார். சாயத்தின் நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. நெடியால்தான்.

காவல் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது போன வருஷம். கரூர் பைபாஸ் பக்கம் ஒருத்தன், முதல்நாளே அறைக்கு வா என்றான், நவநீ போய்விட்டான். உள்ளே போனால் கட்டிலில் இன்னும் இரண்டு பேர். மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு, பள்ளிக்கூட அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உங்க ஹெட்மாஸ்டருக்குச் சொல்லட்டுமா சார் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை என் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். நம்மமாதிரி ஆட்களைக் குற்றவாளி ஆக்கிய சட்டம் மாறிவிட்டது, போலீசுக்குப் போகலாம் என்றேன். சட்டம் மாறிடுச்சு, என் மாமனார் வீடு மாறலையே என்றான். அவனுக்குக் கல்யாணம் ஆகி, பிரிந்து, ஒன்பது வயதில் கயல் என்று ஒரு மகள். சனிக்கிழமை மட்டும் அப்பாவிடம் அனுப்புவார்கள். ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும். மருந்துச் சீட்டுக் கட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் இரண்டு பேருமாக எழுதினோம். பகல்வேளை. நாலு பேர் நடமாடுகிற இடம். தன் வண்டியில் போய்த் தன் வண்டியில் வருவது, அடுத்தவன் வண்டியில் ஏறுவதில்லை. கண்ணெதிரே ஊற்றாத எதையும் குடிப்பதில்லை, பாத்ரூம் போய்வந்தால் பழைய கோப்பையைத் தொடுவதில்லை. அடையாள அட்டை வீட்டில். முதல்நாள் யார் வீட்டுக்கும் போவதில்லை. இடம் மாறினால் ஒரு வரி செய்தி. மிஸ்டு கால் வராவிட்டால் ஐந்து நிமிஷம் பொறுத்து நான் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும், அதற்கும் எடுக்காவிட்டால் கிளம்பிப் போய் ஊரைக் கூட்ட வேண்டும். எழுதி முடித்ததும் அவன் மூக்கைச் சிந்திவிட்டு, இனிமே நீதான் என் காவல் என்றான். அவன் அழுத முகம் காயவில்லை, எனக்கோ அன்றைக்குச் சந்தோஷத்தில் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. இதை நான் எந்தப் பாதிரியாரிடமும் சொன்னதில்லை.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அவன் எங்கே இருக்கிறான் என்று என் போனில் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும்படி செய்து கொடுத்தவனும் நான். படம் வரைவதற்குத்தான் அவன் கை, போனைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பான். எவ்வளவு நேரத்துக்குக் காட்டலாம் என்று அது கேட்டது. ஒரு மணி நேரம் என்றும் இருந்தது, நிறுத்தும்வரை என்றும் இருந்தது. நான் இரண்டாவதைத் தொட்டேன். நிறுத்துவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது, நான் சொல்லித் தரவில்லை. ஆக இந்த ஒரு வருஷமாக அவன் காலையில் பள்ளிக்கூடம் போவது, மத்தியானம் எதிர்க் கடையில் டீ குடிப்பது, சனிக்கிழமை கயலைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவது எல்லாம் என் கடைக் கல்லாவுக்குள் தெரிந்துகொண்டிருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். யாருக்காவது பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கடைசி வரி தெரியுதா என்று கேட்டுவிட்டு, அவர் படிக்கும் நேரத்தில் புள்ளியை ஒருதரம் பார்த்துவிடுவேன். அது பள்ளிக்கூடத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி. பாதுகாப்பாக இருக்கிறான் என்ற நிம்மதி இல்லை, யாரோடும் இல்லை என்ற நிம்மதி. இரண்டும் ஒன்று என்று என்னை நானே நம்பவைத்திருந்தேன். இப்போது புள்ளி தில்லைநகரில் காபிக் கடைமேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பரமு கிண்ணத்தை வைத்துவிட்டு, முக்கால் மணி அப்படியே இருங்க சார், நரை ஜாஸ்தி, சீக்கிரம் அலசினா பிடிக்காது என்று சொல்லி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். தலையில் கரி அப்பிய மாதிரி, நெற்றியோரம் ஒரு கறுப்புக் கோடு. ஆதவன் பார்த்தால் என்ன சொல்வான் என்று நினைத்தேன். அவன் ஏன் என்னைப் பார்க்கப் போகிறான்.

மூன்று மாசத்துக்கு முன்னால் முருகவேள் என்று ஒருத்தர். வங்கியில் வேலை, நல்ல மனுஷர், அதுதான் அவரிடம் இருந்த பிரச்சினை. போட்டோவில் அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இவர் ஒருநாளோடு போகிறவர் இல்லை என்று. இருபதாவது நிமிஷம் நவநீயைக் கூப்பிட்டு, கயல் ஸ்கூல்ல விழுந்துட்டாளாம், தலையில அடியாம், உடனே வா என்றேன். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை, அவள் விழுந்தது எனக்கு எப்படித் தெரியும், பொய் தாங்குமா என்று யோசிக்கவில்லை. அவன் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அரை மணியில் தெரிந்துகொண்டான். கயல் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. புள்ளி மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. முருகவேள் அதற்குள் விலகிக்கொண்டார், வேலை முடிந்தது. மூன்றாவது வாரம் நவநீ கடைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னான்: "இன்னொரு தடவை காரணமில்லாம போன் அடிச்சேன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். உனக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல." கோபமெல்லாம் வரவில்லை, பயம்தான் வந்தது. வேறு ஆள் என்றால், வேறு ஒருத்தன் போனில் அரை மணிக்கு ஒருதரம் நவநீ என்று பெயர் வரும். வேறு ஒருத்தனுக்கு நீலச் சட்டை போட்டோ போகும். அவன் யாரையாவது காதலித்துத் தொலைப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் என்று தோன்றியது. காவலை மாற்றுவதைத் தாங்கமாட்டேன். ஒரு அடியும் காரணமில்லாம அடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மூன்று ஐம்பதுக்குப் புள்ளி நகர்ந்தது. முதலில் என் கண்தான் கலங்குகிறது என்று நினைத்தேன். தில்லைநகரை விட்டு வெளியே வந்தது, நாலு ரோட்டுக்கு வந்தது, நான் உட்கார்ந்திருக்கிற இந்தச் சலூன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க முடியவில்லை, பரமு சொன்னது ஞாபகம் வந்ததால் இல்லை, நவநீ என்னை இந்தக் கோலத்தில் பார்த்துவிடுவானோ என்றுதான். கண்ணாடிக்குள் தெரிந்த தெருவில் பஸ் ஒன்று போனது, இரண்டு மூன்று பைக் போயின. ஒன்றில் பின்னால் நீலமாக ஏதோ. நீலமா, என் புகைச்சலா. அவன் ஸ்கூட்டர் ஓட்டுவது இருபதுக்கு மேல் போகாது, இந்தப் புள்ளி நாற்பதில் போனது. ஆக அடுத்தவன் வண்டி. ஆக பின்னால் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் உட்கார்ந்தால் அவன் கை வைக்குமிடம் எனக்குத் தெரியும், பிடிக்க மாட்டான், முன்னால் இருப்பவன் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பற்றிக்கொள்வான், முக்கொம்பிலிருந்து திரும்பும்போது பற்றிக்கொண்டமாதிரி. வயலூர் ரோட்டில் போய், குமரன் நகர் தாண்டி, ஒரு சந்துக்குள் நுழைந்து நின்றது. மூன்று ஐம்பத்தாறு. இடம் மாறினால் ஒரு வரி செய்தி என்று எழுதியிருந்தோமே. வரவில்லை. அடுத்தவன் வண்டியில் ஏறுவதில்லை, யார் வீட்டுக்கும் போவதில்லை. எல்லாச் சட்டத்தையும் ஒரே மூச்சில் மீறுகிற அளவுக்கு அவனை ஒருத்தன் மயக்கியிருக்கிறான், அதுவும் ஒரு மணி நேரத்தில். நான் ஆறு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொண்டேன்.

நாலு மணி. போன் அதிரவில்லை. நாலு ஒன்று. சரி, மூன்றரையும் ஒரு நிமிஷம் தாமதம்தானே. நாலு மூன்று. கை வேலையாக இருக்கும் என்று நினைத்ததும் அந்தக் கை என்ன வேலையாக இருக்கும் என்று மனசு தானாகவே படம் போட ஆரம்பித்தது. நாலு ஐந்து. இப்போது நான் கூப்பிட வேண்டும். சீட்டின் முதுகில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலைப் பெயர்மேல் வைத்தேன். மூடிய அறையில் போன் அடிக்கும், அவன் எரிச்சலோடு எடுப்பான், அல்லது எடுக்காமல் கவிழ்த்து வைப்பான், யாரது என்று அந்தப் பல் வரிசைக்காரன் கேட்பான், ஒரு சிநேகிதன், கொஞ்சம் தொல்லை என்று இவன் சொல்வான், இரண்டு பேரும் சிரிப்பார்கள். காரணமில்லாம போன் அடிச்சேன்னா வேற ஆள். இது காரணமா, காரணமில்லையா. மறந்துவிட்டான், அவ்வளவுதானே. சந்தோஷமாக இருக்கிறவர்கள் மறப்பார்கள். நானும் முக்கொம்பில் மாலை ஜெபத்துக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதை மறந்தேன். விரலை எடுத்தேன். மறக்கட்டும், நானா கெஞ்ச வேண்டும், ஒரு கட்டைவிரல் அசைவுகூட நான் பெறமாட்டேனா. நாலு பத்து. ஒருவேளை ஆபத்தாக இருந்தால் என்று ஒரு குரல் வந்தது, வராமல் இல்லை. அதை நான் எப்படி அடக்கினேன் என்றால், ஆபத்தாக இருக்கட்டும் என்று நீ ஆசைப்படுகிறாய், முருகவேள் விஷயத்திலும் இப்படித்தான் என்று எனக்கே ஒரு குட்டு வைத்து அடக்கினேன். நல்லவன் வேஷம்கூட இன்றைக்குப் பொறாமைக்குத்தான் உதவியது. நாலு பதினைந்து. தலையெல்லாம் அரித்தது. பரமு, இன்னும் கொஞ்சம் சார், பிடிச்சுக்கிட்டு வருது என்றார். நாலு பதினெட்டு. அந்தப் புள்ளியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருக்கும்வரை அவன் எனக்குத் தெரிகிறான், நான் அவனுக்குத் தெரியவில்லை. இது என்ன பிழைப்பு.

நாலு இருபத்திரண்டுக்குப் புள்ளி போய்விட்டது. மங்கிப் போகவில்லை. டவர் இல்லாமல் போனால் சாம்பல் நிறமாக மாறி, எத்தனை நிமிஷத்துக்கு முன் என்று காட்டும், எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. நவநீதன் இருப்பிடம் பகிர்வதை நிறுத்திவிட்டார் என்று ஒரு வரி வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்தான், அதையும் மறைக்கமாட்டேன். என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிச் சாத்திவிட்டான் என்று முகம் சூடேறியது. அரை நிமிஷம் இருக்கும். பிறகுதான் உறைத்தது, அவனுக்கு அதை நிறுத்தத் தெரியாது. ஒரு வருஷமாக நிறுத்தத் தெரியாமல்தான் என் கல்லாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். நிறுத்தியவன் வேறு ஒருத்தன். அவன் போன் வேறு ஒருத்தன் கையில் இருக்கிறது. கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் பதமாகச் சொன்னது. நான் நாற்காலியை விட்டு எழுந்தது ஞாபகமில்லை. பரமு பின்னாலேயே வாசல்வரை ஓடிவந்து, சார் சார், அலசணும் சார், தலை வெந்துரும் என்று கத்தினார். கழுத்துப் போர்வையோடு நடுரோட்டில் கையைக் காட்டினேன். ஒரு ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார், அடுத்தவர் நின்றார், பெட்ரோல் ஊத்திக்கிட்டீங்களா என்று முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். வயலூர் ரோடு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இருபத்திரண்டு நிமிஷம், இருபத்திரண்டு நிமிஷம் என்று மனசு ஜெபமாலை மாதிரி அதையே உருட்டியது. மாதாவே, அவன் யாரோடு வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டினேன். முதல்முறையாக அப்படி வேண்டுகிறேன் என்பதும் அந்த நேரத்திலேயே தெரிந்தது.

புள்ளி கடைசியாக நின்ற சந்தில் ஐந்தாறு வீடுகள். கடைசி வீட்டில் வாடகைக்கு என்ற அட்டை, வெளியே மாடிப்படி, அடியில் ஒரு பைக். அவன் பெயரைச் சொல்லிக் கத்தக்கூடாது என்ற அளவுக்காவது புத்தி இருந்தது. மாடில யாரு, கீழ வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆட்டோக்காரரிடம் ஹாரன் அடிக்கச் சொன்னேன், எதற்கு என்று கேட்காமல் அடித்தார், கை எடுக்காமல் அடித்தார். எதிர்வீட்டு அம்மா வந்தார், பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். கறுப்பு வழியும் தலையோடு, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஒருத்தன் தெருவில் நின்று கத்தினால் ஊர் கூடாமல் இருக்குமா. மாடிக் கதவு திறந்தது. இரண்டு பேர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே இறங்கினார்கள், ஒருத்தன் தடியன், இன்னொருத்தன் ஹெல்மெட் மாட்டுவதற்குள் அந்தப் பல் வரிசையைப் பார்த்துவிட்டேன். யாரும் பிடிப்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது. எண் பலகையைப் படித்து வாயில் சொல்லிக்கொண்டே படியேறினேன். நவநீ மேல்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் கைப்பக்கம் கிழிந்திருந்தது. உதட்டோரம் ரத்தம், கொஞ்சம்தான். அவன் போனைப் போகிற போக்கில் படியில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். சாயம் அவன் கன்னத்தில் ஒட்டியது. ஆறு வருஷத்தில் அவன் அப்படிச் சாய்ந்ததில்லை. ஊரார் பார்க்கிறார்கள், தம்பிக்குச் சர்க்கரை மயக்கம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவனைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன்.

ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வண்டி ஸ்டாண்டில் இருக்கட்டும், பக்கத்தில் என் அக்கா வரைந்த படம் இருக்கிறது, ஒரு வாத்தியார் பார்த்து அபிப்பிராயம் சொன்னால் போதும், ஐந்து நிமிஷம் என்று ஆதவன் கூப்பிட்டிருக்கிறான். படம் என்றதும் இவன் ஏறிவிட்டான். அதில் மயக்கம் ஒன்றும் இல்லை. "நாலு மணிக்கு உனக்கு அடிக்கலாம்னு போனை எடுத்தேன். புடுங்கிட்டாங்க. சரி, அஞ்சு நிமிஷத்துல அமல் அடிப்பான், யாரோ தேடறாங்கன்னு தெரிஞ்சா பயந்து விட்டுருவாங்கன்னு இருந்தேன். போன் அந்தத் தடியன் கையிலதான் இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டிருந்தேன்." நிறுத்தி, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "நாலு பத்துக்கு மேலதான் வீடியோ எடுத்தாங்க. என் பேரு, ஸ்கூல் பேரு, எதுக்கு வந்தேன்னு எல்லாத்தையும் சொல்லச் சொன்னாங்க. கயலோட அம்மா நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டாங்க." நாலு பத்துக்கு நான் எனக்கே குட்டு வைத்துக்கொண்டிருந்தேன். "அந்த மாடில டவர் இல்ல போலருக்கு. நீ அடிச்சுக்கிட்டே இருந்திருப்பே, பாவம்" என்றான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவனே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். ஆமாம், அடித்து அடித்துப் பார்த்தேன், வரவில்லை, ஓடிவந்தேன். அவன் உயிரோடு இருக்கும்வரை நான் காவல், இனி எவன் வந்தாலும் எனக்கு அடுத்தபடிதான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவன் கன்னத்தில் என் சாயம் ஒட்டியிருந்தது, கண் என்னை நம்பிக்கொண்டிருந்தது, அந்தக் கண்ணைத்தான் பார்க்க முடியவில்லை. நாளைக்கு அந்த வீடியோ யாருக்காவது போனால், நாலு பத்து என்று அவன் நினைக்கும்போதெல்லாம் டவரைத் திட்டுவான், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திட்டுவான்.

"டவர் இருந்துச்சு. நான்தான் அடிக்கலை."

அவனுக்கு உடனே புரியவில்லை. "நாலு மணிக்குக் கால் வரலேன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். இங்கே இருப்பது தெரியுமா என்றான். தெரியும், நாலு இருபத்திரண்டுவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன்.

"ஏன் அமல்?"

"நீ சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சேன்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், இரண்டும் செய்யவில்லை. எண் பலகை எனக்கு மனப்பாடமாக இருக்கிறது, நேரே போலீசுக்குப் போவோம், வீடியோ வெளியே போகுமுன் புகார் கொடுத்துவிட வேண்டும், நானும் வருகிறேன், சாட்சி சொல்கிறேன் என்று வேகவேகமாகச் சொன்னேன். எண்ணை எழுதித் தா என்றான். ஆட்டோக்காரரிடம் பேனா வாங்கி, அவர் கொடுத்த பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தவேண்டியிருந்தது. அவன் அதை இரண்டுதரம் படித்துப் பார்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு ஆட்டோவில் ஏறி, எனக்கு இரு பக்கமும் இடம் இல்லாதபடி சீட்டின் நடுவில் உட்கார்ந்து, போலாம்ணே என்றான்.